நாலு சேனல் கூத்து: கேம் ஜாமுக்குச் சிப்டியூன் போட ஒரு முழுமையான வழிகாட்டி

தெருக்கூத்தில் ஆடுபவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், தாளம். இந்த நாலு கருவியை வைத்துக்கொண்டு விடிய விடிய ஒரு பாரதத்தையே நடத்திவிடுவார்கள். கர்ணன் வரவுக்கும் இதுதான், அரவான் களப்பலிக்கும் இதுதான்.

1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம் பெட்டியின் ஒலிச் சில்லும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் இயங்கியது. இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல். ஐந்தாவதாகப் பதிவு செய்த ஒலிக்கென ஒரு சேனல் உண்டு. தொடக்கத்தில் அதை மறந்துவிடலாம். தொண்ணூறுகளில் நம் வீட்டு டிவியில் செருகி கான்ட்ரா, மரியோ ஆடிய ‘டிவி கேம்’ பெட்டிகளில் பெரும்பாலானவை இதன் நகல்கள். ஆகவே சிப்டியூன், அதாவது இந்த மாதிரிச் சில்லின் ஒலியில் போடும் இசை, கள்ளக்குறிச்சிக்காரர் காதுக்குப் புதிதல்ல.

கூவாகம் கூத்தாண்டவர் கோயில் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உட்கார்ந்து சிப்டியூன் படிப்பவருக்கு என் யோசனை இது: ஜப்பான் கேம் இசையை நகலெடுப்பதில் தொடங்காமல், கூத்து மேளத்தை அந்த நாலு சேனலில் உட்கார வைப்பதில் தொடங்குங்கள்.

கேம் ஜாம் என்றால்

கொடுத்த தலைப்பில், கொடுத்த நேரத்துக்குள் ஒரு கேமை முடித்துக் காட்டுவது. 2002-இல் தொடங்கிய லுடும் டேர் இதில் பழையது. அதன் தனிநபர் பிரிவில் 48 மணி நேரத்துக்குள் இசை, படம், நிரல் எல்லாவற்றையும் ஒருவரே செய்ய வேண்டும். 2009 முதல் குளோபல் கேம் ஜாம் நடக்கிறது. இட்ச் டாட் ஐஓ தளத்தில் ஏதாவது ஒரு ஜாம் நடந்துகொண்டே இருக்கும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பது

முதல் கேள்வி, உங்கள் லேப்டாப்பும் நெட்டும் எப்படி என்பது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டினால் சிக்னல் வரும், போகும். நெட் இல்லாவிட்டாலும் ஓடுகிற கருவிதான் அங்கே கருவி.

ஃபர்னஸ் ட்ராக்கர். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், பழைய லேப்டாப்பையும் பெரிதாகத் திணறடிக்காது. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் வேண்டாம். நான் சொல்வது இதைத்தான்.

பீப்பாக்ஸ். பிரவுசரிலேயே ஓடும், மொபைலிலும் வரும். கட்டங்களைத் தட்டினால் பாட்டு. முழுப் பாட்டும் இணைய முகவரிக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நண்பர் திறந்து திருத்தலாம். குழுவாகச் செய்பவர்களுக்கு இதைவிட வசதி இல்லை.

டிக்-80. நிரல், படம், இசை எல்லாம் ஒரே ஜன்னலில். இதன் அண்ணன் பிக்கோ-8. அதற்குக் காசு கொடுக்க வேண்டும். எல்.எம்.எம்.எஸ். என்பதும் நல்ல மென்பொருள்தான், ஆனால் ஜாம் நடக்கும்போது கற்றுக்கொள்ளக் கூடாது.

எதை எடுத்தாலும், ஜாமுக்கு ஒரு வாரம் முன்பே அதில் ஒரு பாட்டை முடித்திருங்கள். வெள்ளி இரவு புது மென்பொருளைத் திறப்பவர் ஞாயிறு இரவு இசை இல்லாத கேமைத்தான் கொடுப்பார்.

நாலு சேனலுக்கு நாலு ஆள்

ஃபர்னஸில் புதுப் பாட்டைத் திறந்து ‘என்.இ.எஸ்.’ சில்லை (ஃபேமிகாமின் வெளிநாட்டுப் பெயர் அது) தேர்ந்தெடுங்கள். நாலு சேனலும் வரிசையாக நிற்கும்.

முதல் பல்ஸ் முகவீணைக்கு. பல்ஸ் அலையில் ஒலியின் தன்மையை மாற்ற ஓர் அளவு உண்டு: 12.5, 25, 50 சதவீதம். 12.5-இல் வைத்தால் மெலிந்து, கொஞ்சம் மூக்கால் பாடுவது போல, ஊர் எல்லை வரை கேட்கிற குரல் வரும். முகவீணைக்கு இதைவிட நெருக்கமான ஒலி இந்தச் சில்லில் இல்லை.

இரண்டாவது பல்ஸ் ஆர்மோனியமும் பின்பாட்டும். அளவை 50-இல் வையுங்கள், தடிமனாக இருக்கும். முதல் சேனலில் எழுதியதை அப்படியே நகலெடுத்து, மூன்று வரி தள்ளி ஒட்டி, சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். ராஜா வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவது போல இருக்கும். சிப்டியூன்காரர்கள் இதை எதிரொலித் தந்திரம் என்பார்கள். கூத்தில் இது அன்றாட வேலை.

மூன்றாவது, முக்கோண அலை. மிருதங்கத்தின் தொப்பி. ஒரு ஸ்வரத்தை அடித்த கையோடு சுருதியைச் சடாரென்று கீழே இழுத்தால் ‘தொம்’ என்று விழும். இந்தச் சேனலுக்குச் சத்த அளவு கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். ரொம்பக் கீழே போனால் மொபைல் ஸ்பீக்கரில் கேட்காது, ஒரு ஸ்தாயி மேலேயே எழுதுங்கள்.

நாலாவது இரைச்சல். இதில் 16 படிகள். மேல்படியில் சுருக்கமாக விட்டால் தாளம், கீழ்ப்படியில் வலந்தலை. பறை வேண்டுமென்றால் இரண்டையும் கலந்து, சுண்டுக்குச்சிக்கு ஒரு படி, அடிக்குச்சிக்கு ஒரு படி என்று பிரித்துக்கொள்ளலாம்.

தாளத்தை வரியாக்குவது

ட்ராக்கரில் இசை மேலிருந்து கீழே ஓடும், கணக்கு நோட்டு மாதிரி. ஓர் அட்சரத்துக்கு நாலு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதி தாளம் 32 வரி. ரூபகம் 24. மிஸ்ர சாபு 28. அதில் 0, 12, 20 ஆகிய வரிகளில் அழுத்தி அடித்தால் தகிட தகதிமி பிறந்துவிடும்.

வழக்கமான வேகமான 6-இல் நொடிக்கு 10 வரி ஓடும். ஆதியில் எட்டு ஆவர்த்தனம் போட்டால் சுமார் 26 நொடி. ஒரு ஜாம் கேமுக்கு அது போதும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் ஓட்டுகிற கேம் என்று வையுங்கள்: சமவெளியில் ஆதி, கொண்டை ஊசி வளைவு வந்ததும் மிஸ்ர சாபு. ஆடுபவருக்குத் தாளம் தெரியாவிட்டாலும் வண்டி ஒரு பக்கம் சாய்வது தெரியும்.

ராகம்: எந்தக் கட்டையைத் தொடக் கூடாது

கீபோர்டின் கடைசி எழுத்து வரிசைதான் உங்கள் ஆர்மோனியம். இசட், எக்ஸ், சி, வி, பி, என், எம். ஏழு எழுத்தும் ச ரி க ம ப த நி, ஒன்றாம் கட்டையில்.

வி, எம் இரண்டையும் தொடாமல் வாசியுங்கள். மோகனம். தப்பாக விழ வாய்ப்பே இல்லாத ராகம், பகல் காட்சிக்கு நல்லது. சி-யை விட்டு வி-யைச் சேர்த்தால் சுத்த சாவேரி. கறுப்புக் கட்டைகள் அதற்கு மேல் வரிசையில் இருக்கின்றன. இருட்டுக் காடு வேண்டுமா? இசட், டி, வி, எச், ஜே: ஹிந்தோளம்.

ஸ்வரங்களை வெறுமனே அடுக்கினால் பள்ளி மணி மாதிரி இருக்கும். ஃபர்னஸில் 03 என்று தொடங்கும் கட்டளை ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும். 04 என்று தொடங்குவது நடுங்க வைக்கும். அசல் கமகம் இதில் வராது, அதன் நிழல் வரும். 0047 என்று போட்டால் மூன்று ஸ்வரம் மின்னல் வேகத்தில் மாறி மாறி ஒலித்து ஒரே சேனலில் ஒரு சுரக்கூட்டு (கார்ட்) கேட்கும். கேம் இசை என்றதும் நினைவுக்கு வருகிற அந்தக் குறுகுறுப்பு இதுதான். இனிப்பு மாதிரி அளவாகப் போடுங்கள்.

இளையராஜா பாட்டைச் சிப்டியூனாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பயிற்சிக்கு அருமை, பிறர் பாட்டு என்பதால் போட்டிக்கு ஆகாது.

குதிக்கும் சத்தம், ஹாரன் சத்தம்

எஸ்.எஃப்.எக்ஸ்.ஆர். என்ற சின்ன நிரல், 2007-இல் லுடும் டேர் போட்டியாளர்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் காசு எடுக்கும் சத்தம், இன்னொன்றுக்கு வெடி. பிரவுசரில் ஓடும் வடிவமும் உண்டு. மலைப் பஸ்ஸின் ஹாரனை அதில் கால் மணி நேரத்தில் பிடித்துவிடலாம். பழைய பெட்டிகளில் சத்தம் எழும்போது ஒரு சேனலின் இசை கணநேரம் வாயை மூடிக்கொள்ளும். இன்றைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இசையை மட்டும் சத்தத்தைவிடத் தாழ்வாக வையுங்கள்.

கேமுக்குள் ஏற்றுவது

எம்.பி.3 ஆக்கி லூப் போட்டு நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அந்த வடிவம் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்த்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுக்கி விழும். ஃபர்னஸிலிருந்து வேவ் கோப்பாக எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஓ.ஜி.ஜி.யாக மாற்றுங்கள். வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும், ஓ.ஜி.ஜி. ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். கோடோ கேம் எஞ்சினில் செய்பவர்கள் இறக்குமதிப் பக்கத்தில் லூப் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள்.

பிரவுசரில் ஓடும் கேமில் ஆடுபவர் ஒருமுறை தட்டும் வரை ஒலி வராது, பிரவுசரின் விதி அது. முதலில் ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வைத்துவிடுங்கள்.

சனி, ஞாயிறு

சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரே ஒரு லூப் முடிந்து கேமுக்குள் ஒலிக்க வேண்டும், மட்டமாக இருந்தாலும் சரி. இரண்டாவது பாட்டு ஞாயிறு காலைக்கு. கரண்ட் போவதற்கு முன் சேமியுங்கள். பென்டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும்.

மலையில் இருப்பவர்கள் கடைசி மணி நேரச் சிக்னலை நம்ப வேண்டாம். ஞாயிறு மதியமே கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து அப்லோடு செய்யுங்கள். திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.