செராமிக் பூச்சுக் காருக்கு எதைக் கொடுப்பது?



நம் வேதாரண்யத்தில் உப்பளக் காற்றும் கடல் மணலும் எந்தக் காரையும் விடுவதில்லை. பல ஆயிரம் செலவழித்துச் செராமிக் பூச்சு அடித்தவர் கடைக்கு வந்தால் எதைக் கொடுப்பது?

இப்பூச்சு சிலிக்கா கலந்த மெல்லிய படலம். துணி சோப்புத்தூள் காரம் மிகுந்தது, வேண்டாம். பி.எச். அளவு 7-ஐ ஒட்டிய கார் ஷாம்பு கொடுங்கள். லேபிளைப் பார்த்துக் கொள்முதல் செய்யுங்கள். தேய்த்து மெருகேற்றும் பாலிஷ் படலத்தையே அரித்துவிடும். துடைக்க மைக்ரோஃபைபர் துணி நல்லது.

முதலில் தண்ணீர் அடித்து மணலும் உப்பும் போன பிறகே துணி படவேண்டும். நிழலில் கழுவி, உடனே ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். உவர்நீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். இதையும் சொல்லி விற்பனை செய்யுங்கள்.

பாலிஷில் லாபம் கூடுதலாக இருக்கலாம். பூச்சு கெட்டால் வாடிக்கையாளர் மளிகைக்கும் நம் கடைப் படி ஏறமாட்டார்.