நார்ச்சத்தும் நம் வயிறும்



அயோத்தியாப்பட்டணம் வட்டாரக் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் சத்தமாகப் பேசுகிறோம். கூட்டம் முடிந்த பிறகுதான் ஒரு அக்கா மெதுவாக வந்து, "வெளிக்குப் போயி மூணு நாளாச்சும்மா" என்பார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முக்கி முக்கிப் போவதுதான் பலருக்கு மூலத்தில் கொண்டுபோய் விடுகிறது.

நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காது. அதுதான் நமக்கு நன்மை! பெருங்குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்து, மலத்தை இளக்கித் தள்ளுகிறது. ஒரு பகுதி அங்குள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி. பெரியவர்களுக்கு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. 100 கிராம் வெள்ளை அரிசியில் சுமார் 3 கிராம்தான் உண்டு; கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு நாம் வெறும் சோற்றைத் தின்கிறோம்.

கேழ்வரகு மாவைச் சலிக்காமல் களி கிண்டுங்கள். தட்டைப்பயறு, கொள்ளு, தண்டுக்கீரை, கொய்யா சேருங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

தண்ணீர் குடிக்காமல் நார்ச்சத்து மட்டும் சாப்பிட்டால் இன்னும் இறுகும். தறியிலும் கொலுசுப் பட்டறையிலும் கக்கூஸ் வசதி இல்லையென்று பொழுதுக்கும் தண்ணீர் குடிக்காத பெண்கள் உண்டு. தனியாகக் கேட்கக் கூச்சமா? குழுவாகப் போய் முதலாளியிடம் கேளுங்கள்.

மலத்தில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ "மூலச்சூடு" என்று கைவைத்தியம் பார்த்து நாள் கடத்தாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டுங்கள்.