தோட்டத்து மண்ணும் தொழிலாளர் வாழ்வும்

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் என நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் பல தலைமுறைத் தமிழர்களின் நாள் பெரட்டில்தான் தொடங்கியது. பொழுது புலருமுன் பெயர் கொடுத்துவிட்டு அவர்கள் ரப்பர் நிரைக்குச் செல்வார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே கை விரைந்து வெட்ட வேண்டும். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்து வந்து நிறுத்த பிறகே மூச்சு விடலாம். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாள்கள் கூடினால் சம்பளம் குறையும்.

அந்தப் பால் நாட்டைத் தாங்கியது. 1960ஆம் ஆண்டில் மலாயாவின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கும் மேற்பட்டது ரப்பரிலிருந்து கிடைத்தது. ஆயினும், 1970இல் தீபகற்ப மலேசியாவில் 49.3 விழுக்காட்டுக் குடும்பங்கள் வறுமையில் வாழ்ந்தன. வேளாண்மையால் வரும் வளர்ச்சி, பிற துறைகளால் வரும் வளர்ச்சியைவிடக் குறைந்தது இரு மடங்கு ஆற்றலுடன் வறுமையைக் குறைக்கிறது என்று உலக வங்கியின் 2008ஆம் ஆண்டு மேம்பாட்டு அறிக்கை கூறுகிறது. அப்படியானால் ரப்பர் செழித்த மண்ணில் வறுமை ஏன் நீடித்தது?

விடையை ஜெம்போல் மாவட்டத்திலேயே காணலாம். 1956இல் தோற்றுவிக்கப்பட்ட கூட்டரசு நில மேம்பாட்டு வாரியமாகிய பெல்டா, பிற்காலத்தில் பாலோங், செர்திங் பகுதிகளில் காட்டைத் திருத்திக் குடியேற்றங்களை அமைத்தது. நிலமற்ற குடும்பத்திற்கு ஏறக்குறைய 10 ஏக்கர் ரப்பர் அல்லது செம்பனை நிலமும் வீட்டு மனையும் ஒதுக்கப்பட்டன. செலவு விளைச்சல் வருமானத்திலிருந்து தவணையாகக் கழிக்கப்பட்டது. கடன் தீர்ந்ததும் நிலம் குடியேறியவருக்கு உரியதாகும் என்பதே ஏற்பாடு. சந்தையில் விலை சரிந்தபோது குடியேறியவர்களும் திண்டாடினர். ஆனால், விலை ஏறியபோது அந்த ஏற்றம் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. தோட்டத் தொழிலாளியோ அதே பயிரை அதே வெயிலில் வளர்த்தார். அவருக்குக் கிடைத்தது கூலி மட்டுமே. லயத்து வீடுகூட வேலை உள்ளவரைதான்.

இந்த நிலையின் கொடுமை 1950களில் தோட்டத் துண்டாடலின்போது வெளிப்பட்டது. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கினர். ஒரே நாளில் வேலையையும் கூரையையும் இழந்த குடும்பங்கள் பல. இதற்கு மாற்றாகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைப் பங்காகத் திரட்டினார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பால் வெட்டியவரே பங்குதாரரும் ஆனார். எனினும், நாட்டிலுள்ள எல்லாத் தோட்டங்களையும் வாங்க அந்தப் பணம் எப்படிப் போதும்?

இன்று நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் நிரைகள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. எஞ்சிய தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை. வேலை செய்வோரில் பலர் அயல்நாட்டவர். 2013இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாக இருந்தது. 2025இல் அது 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. சொந்த வீட்டுக் கேள்வி மட்டும், லயத்தில் பிறந்து அங்கேயே ஓய்வு பெற்ற முதியவர்கள் பலரிடம் இன்னும் விடையின்றி இருக்கிறது.