கராஜ் விதானமும் திருகாணியும்

சுவரில் மாட்டிய ஜிப்சம் பலகைக்கும் விதானத்தில் மாட்டிய ஜிப்சம் பலகைக்கும் உள்ள பேதம் பார்வைக்கு அற்பமாகத் தோன்றினாலும், அந்த வேலையில் இறங்குகிறவன் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது அதுவே. சுவர்ப் பலகையின் பாரம் திருகாணியைக் குறுக்கே அழுத்துகிறதேயன்றி அதை மரத்திலிருந்து வெளியே இழுப்பதில்லை. விதானப் பலகையோ இரவும் பகலும் ஓய்வின்றித் தன்னைத் தாங்கும் ஒவ்வொரு திருகாணியையும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே தொங்குகிறது.

மிச்சிகனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டோடு ஒட்டிய கராஜின் விதானம், எங்களுக்கு முன் இருந்தவர்கள் காலத்தில் ஆணியடித்து மாட்டப்பட்டது. பல இடங்களில் ஆணித்தலைகள் பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. குறுக்கு மரங்களுக்கிடையே பலகை தொய்ந்திருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவதென்று தீர்மானித்தபோது, பக்கத்து வீட்டில் இருக்கும், தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உடன் நின்று உபகாரம் செய்தார். அவரிடம் கேட்டும், அவர் கைவேலையைக் கவனித்தும், நானே செய்து பார்த்தும் தெளிந்த விஷயங்களே இங்கு எழுதுபவை.

பழைய பலகையை உடைக்குமுன் வீட்டின் வயதை விசாரிப்பது அவசியம். மூட்டுகளில் பூசும் கலவையில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பதை அமெரிக்கச் சர்க்கார் 1977-இல் தடைசெய்தது. அதற்கு முற்பட்ட வீடானால் ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பி, பதில் வந்த பிறகே கை வைக்க வேண்டும்.

அடுத்தது பலகையின் தேர்வு. கராஜில் பெட்ரோலும் மோட்டாரும் இருப்பதால், அதன் விதானம் வெறும் அலங்காரமாக இல்லாமல் அக்கினிக்கு ஒரு தடையாகவும் நிற்க வேண்டியிருக்கிறது. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதன் ஸ்படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும் ஜலம். நெருப்புப் பட்டால் அந்த ஜலம் ஆவியாகி வெளியேறும் வரையில் உஷ்ணம் மறுபுறம் எளிதில் ஏறுவதில்லை. டைப் எக்ஸ் என்னும் ரகத்தில் கண்ணாடி நார்களும் கலந்திருப்பதால், ஜலம் போன பிறகும் பலகை உடனே நொறுங்கி விழாது. அமெரிக்காவில் பெரும்பாலான ஊர்கள் தழுவியிருக்கும் குடியிருப்புக் கட்டட விதிகளின்படி, கராஜின் மேல் மனிதர் வசிக்கும் அறை இருந்தால் 5/8 அங்குல டைப் எக்ஸ் பலகை வேண்டும். வெறும் பரண் மட்டும் இருந்தால் அரை அங்குலப் பலகை போதும். ஆயினும் குறுக்கு மரங்கள் 24 அங்குல இடைவெளியில் இருக்குமானால், சாதாரண அரை அங்குலப் பலகை காலப்போக்கில் தொய்ந்துவிடும் என்பதால், அங்கும் 5/8 அங்குலத்தையே உபயோகிப்பது விவேகம்.

இனிப் பாரத்தின் கணக்கைப் பார்க்கலாம். 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள 5/8 அங்குல டைப் எக்ஸ் பலகை சுமார் 70 பவுண்டு எடையுள்ளது. குறுக்கு மரங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்து, பலகையை அவற்றுக்குக் குறுக்காக, அதாவது அதன் நீளம் பல மரங்களைக் கடந்து செல்லும்படியாக வைத்தால், அது ஏழு மரங்களைத் தொடும்; ஒவ்வொரு மரத்திலும் 12 அங்குலத்துக்கு ஒன்றாகத் திருகினால் ஐந்து வீதம் மொத்தம் 35 திருகாணிகள் ஆகும். ஆகவே ஒரு திருகாணியின் பங்கு 2 பவுண்டுதான். இந்தச் சொற்பப் பாரத்தைத் தாங்காமல் விதானம் தொய்கிறதென்றால், அதற்குக் காரணம் திருகாணிகளின் தொகை குறைந்தது என்பதைவிட, இருப்பவற்றில் பல பெயரளவுக்கு மட்டுமே இருக்கின்றன என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். மேலே வசிக்கும் அறை இருந்தால் மட்டும், தீயைக் கருதி, விதி 6 அங்குலத்துக்கு ஒன்று கேட்கிறது. அந்த இடத்தில் அதற்குக் குறைவாகத் திருகுவது கூடாது.

பெயரளவுத் திருகாணி மூன்று விதமாக உண்டாகிறது. முதலாவது, மரத்தைத் தொடாதது. பலகை ஏறியபின் மரம் கண்ணுக்குத் தெரியாதாகையால், ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்தின் மத்தியையும் இருபுறச் சுவர்களில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் பலகையின்மேல் நேர்கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். மரத்தில் இறங்கும் திருகாணி கையில் எதிர்ப்பைக் காட்டும். எதிர்ப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போவதை உடனே கழற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, காகிதத்தைக் கிழித்தது. ஜிப்சம் உள்ளே வெறும் சுண்ணக்கட்டி போன்றது. திருகாணியின் விரிந்த தலையைத் தடுத்து நிறுத்தும் பலம் மேலே ஒட்டியிருக்கும் காகிதத்துக்கே உரியது. தலை காகிதத்தைச் சற்றே அமிழ்த்தி, கிழிக்காமல், மேற்பரப்புக்கு ஒரு மயிரிழை உள்ளே நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் முடுக்கினால் உறுதி கூடுமென்று எண்ணுவது இயல்பு. ஆனால் காகிதம் கிழிந்த கணமே அந்தத் திருகாணியின் பிடிப்பு போய்விடுகிறது. அப்படி ஆனால் 2 அங்குலம் தள்ளி வேறொன்றை இறக்க வேண்டும். குறித்த ஆழத்தில் தானே விட்டுவிடும் முனை டிரில்லுக்குக் கிடைக்கிறது. அதன் விலை அற்பம். பலகையின் விளிம்பிலிருந்து 3/8 அங்குலமாவது தள்ளியே திருக வேண்டும். அதற்குள் போனால் ஓரம் பொரிந்துவிடும்.

மூன்றாவது, பலகைக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளியை விட்டது. பெரியவர் ஒவ்வொரு திருகாணியை இறக்கும்போதும் இடது உள்ளங்கையால் அதன் பக்கத்தில் பலகையை மேலே அழுத்திக்கொள்வார். திருகாணியே பலகையை இழுத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். “அது இழுக்குமென்று நம்பினால், இழுக்கிற இழுப்பில் காகிதம்தான் கிழியும்” என்றார். இடைவெளி மிஞ்சிய இடத்தில், பின்னொரு நாள் யாராவது அழுத்தினாலும் பலகை அசையும்; பூச்சு வெடிக்கும். பலகையின் நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கிச் செல்வதும் இதே காரணத்தினால்தான்.

நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரம் உலர உலரச் சுருங்கும். ஆணியின் நுனி இருந்த இடத்திலேயே இருக்க, மரத்தின் முகம் மேலே விலகுவதால், தலை வெளியே தள்ளப்படுகிறது. ஆழமாக இறங்கியதே அதிகமாக வெளியே வரும். ஆகையால் 5/8 அங்குலப் பலகையைச் சாதாரணமாக மாட்டுவதற்கு 1 5/8 அங்குல, அகன்ற புரியுள்ள மரத் திருகாணியே போதும். நெருங்கிய புரியுள்ளவை எஃகுச் சட்டத்துக்கு உரியவை. வசிக்கும் அறையின் கீழுள்ள பகுதிக்கு மட்டும், 1 7/8 அங்குல ஆணிக்குச் சமமான திருகாணியை விதி கேட்கிறது.

பலகையைத் தலையால் முட்டிக்கொண்டு திருகுவது வீரமாகலாம், வேலையாகாது. பலகை ஏற்றும் யந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. அது இல்லையென்றால், தரையிலிருந்து விதானம் வரையுள்ள உயரத்தைவிடச் சற்றே நீளமான மரத்தின் உச்சியில் ஒரு குறுக்குக்கட்டையை அறைந்து இரண்டு முட்டுகள் செய்துகொண்டால், கைகள் இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். தொய்ந்த பழைய பலகையைக் கழற்றாமலே திருத்த விரும்புகிறவர்களுக்கும் இந்த முட்டுத்தான் துணை: அதைக் கொண்டு பலகையை மரத்தோடு ஒட்ட உயர்த்தி, பழைய ஆணிக்கு 2 அங்குலம் தள்ளித் திருகி, தளர்ந்த ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும். ஆனால் தொய்வுக்குக் காரணம் மேலிருந்து கசியும் நீரானால், முதலில் கூரையைச் செப்பனிட வேண்டும். நனைந்து ஊறிய பலகையை எந்தத் திருகாணியும் காப்பாற்றாது.

கராஜ் கதவைத் திறக்கும் மோட்டாரையும், சைக்கிள் மாட்டும் கொக்கிகளையும் பலகையில் மாட்டாமல், பலகையை ஊடுருவி மரத்திலேயே பதிக்க வேண்டும் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, மூட்டுகளில் பட்டையொட்டிக் கலவை பூசுமுன், ஊர்க் கட்டட அலுவலகத்தார் வந்து திருகாணிகளைப் பார்வையிட வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும், ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கலவைக் கரண்டியின் விளிம்பை ஒவ்வொரு தலையின்மேலும் ஓட்டிப் பாருங்கள்: கரண்டி உலோகத்தில் தட்டினால் தலை வெளியே நிற்கிறது; காகிதத்தின் பிசிறு கண்ணில் பட்டால் அது பெயரளவுத் திருகாணி. பூசிய பிறகு நல்ல திருகாணியும் பெயரளவுத் திருகாணியும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், இந்தப் பரீட்சையை எத்தனை களைப்பிருந்தாலும் மறுநாளுக்குத் தள்ளலாமேயொழிய விட்டுவிடலாகாது.