நோய் தின்னும் வேலை நேரம்

ஐதராபாத் நகரின் வடகிழக்கில் இருக்கிறது குஷாய்குடா. அங்கே ஒரு தொழிற்பேட்டை உண்டு. பக்கத்தில்தான் இ.சி.ஐ.எல். என்னும் அரசு நிறுவனம் இருக்கிறது. அது 1967-இல் தொடங்கியது. சுற்றிலும் சிறு தொழிற்சாலைகளும் பட்டறைகளும் உள்ளன. நின்றுகொண்டே செய்யும் வேலை, பாரம் தூக்கும் வேலை எல்லாம் அங்கே உண்டு.

உடம்புக்கு முடியாவிட்டால் வேலை கெடும். எவ்வளவு கெட்டது என்று எப்படி அளப்பது? "லீவு போட்ட நாளை எண்ணினால் போதும்" என்பார்கள் பலர். அது போதுமா?

கணக்குப் போடுவோம்

குஷாய்குடாவில் ஒரு லேத் பட்டறைத் தொழிலாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் 6 நாள் வேலை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம். மொத்தம் 48 மணி நேரம்.

அவருக்கு இடுப்பு வலி. ஒரு நாள் வேலைக்கு வர முடியவில்லை. 8 மணி நேரம் போயிற்று. இது எல்லோருக்கும் தெரியும் இழப்பு.

மற்ற 5 நாளும் வலியோடு வந்தார். 40 மணி நேரம் பட்டறையில் இருந்தார். ஆனால் குனிய முடியவில்லை. அடிக்கடி உட்கார்ந்தார். வழக்கமாக 10 உருப்படி முடிக்கும் நேரத்தில் 7 உருப்படிதான் முடிந்தது. அதாவது 10-இல் 3 பங்கு குறைந்தது. 40 மணி நேரத்தில் 12 மணி நேர வேலை போயிற்று.

8 + 12 = 20 மணி நேரம்.

பார்த்தீர்களா? வராத நாளில் போனது 8. வந்த நாட்களில் போனது 12. லீவை மட்டும் எண்ணினால் இந்த 12 தெரியாது.

1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படி அளக்க ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள். போன 7 நாட்களில் நோயால் எத்தனை மணி நேரம் வேலைக்குப் போகவில்லை? எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்? அப்போது நோய் எவ்வளவு தடுத்தது? கடைசிக் கேள்விக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். வீட்டு வேலை எவ்வளவு கெட்டது என்றும் அதில் கேட்டார்கள்.

சோம்பல் அல்ல, சோகை

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 1979-இல் வெளியானது. கொழுந்து பறிக்கும் பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருந்தது. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் ஊறியது. அவர்கள் பறித்த கொழுந்தின் எடையும் கூடியது. சோகை அதிகம் இருந்தவர்களிடம் முன்னேற்றமும் அதிகம்.

மெதுவாக வேலை செய்பவரைச் 'சோம்பேறி' என்று திட்டுகிறோம். காரணம் நோயாகவும் இருக்கலாம். இந்தக் கணக்கு கூலியைக் குறைக்க அல்ல. நோயைக் கண்டுபிடிக்க.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். என்ன தொல்லை? எத்தனை மணி நேரம் போயிற்று? எந்த வேலை செய்தபோது வலித்தது? அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் பெயர் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவானவருக்கு மருத்துவம் உண்டு. தகுதி இருந்தால், நோய்க் காலத்தில் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும்.

பயிற்சி

1. ஒரு பெண்ணுக்கு வாரம் 48 மணி நேர வேலை. காய்ச்சலால் 16 மணி நேரம் வரவில்லை. மீதி 32 மணி நேரத்தில் பாதி வேலைதான் முடிந்தது. மொத்தம் எத்தனை மணி நேர வேலை போயிற்று? (விடை: 32)

2. போன வாரம் உங்கள் கணக்கு என்ன? எழுதிப் பாருங்கள்.