காற்றில் ஒரு கதவு

மும்பை நகரில் தாராவி என்னும் பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நடப்பதாக இந்தப் பாடம் அமைந்துள்ளது.

அம்மா இட்லி வியாபாரம் செய்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டி விடுவாள். மகள் பி.காம். படிக்கிறாள். அம்மா எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது சென்ற ஆண்டுதான். அதுவரை வங்கியில் கைநாட்டு வைத்தாள். இப்போது கையெழுத்துப் போடுகிறாள்.

மகளின் படிப்புக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினார்கள். வீட்டுக்கு வைஃபை இணைப்பும் வந்தது. அம்மாவின் வங்கிக் கணக்கை மகள் அந்தக் கணினியிலேயே பார்ப்பாள். கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த 18,000 ரூபாய் அந்தக் கணக்கில் இருந்தது.

பதினொரு பேர் யார்?

ஒருநாள் மாலை. இணையம் மிகவும் மெதுவாக வந்தது. மகள் ரூட்டர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அம்மா, நம் வைஃபையில் இப்போது பதினொரு கருவிகள் இணைந்திருக்கின்றன."

"நம்மிடம் மூன்றுதானே இருக்கிறது? உன் கணினி, உன் போன், என் போன்."

"ஆமாம். மற்ற எட்டும் யாருடையவை என்று தெரியவில்லை."

அம்மா யோசித்தாள். ரூட்டரை மாட்ட வந்த பையன் அம்மாவின் செல்போன் எண்ணையே கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போனான். அந்த எண் இட்லிக் கூடையின் மேல் எழுதியிருக்கிறது. தெரு முழுவதும் அதை அறியும். பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது அம்மாவே சொல்லியும் இருக்கிறாள்.

"போனால் போகட்டும், அம்மாடி. தண்ணீர் கேட்டால் கொடுக்கிறோம். இதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?"

"தண்ணீர் கொடுக்கலாம், அம்மா. வீட்டுச் சாவியைக் கொடுக்கலாமா?" என்றாள் மகள்.

வைஃபை என்பது என்ன?

வைஃபை கம்பி இல்லாமல் இணையத்தைக் கொண்டு வருகிறது. வானொலியைப் போல இதுவும் அலைகளால் இயங்குகிறது. செங்கல் சுவரும் மரக் கதவும் அந்த அலைகளை முழுதும் தடுப்பதில்லை. நம் வீட்டு வைஃபை பக்கத்து வீட்டிலும் தெருவிலும் கிடைப்பது இதனால்தான்.

வீட்டின் மரக் கதவை நாம் இரவில் தாழிடுகிறோம். வைஃபை என்பது காற்றில் இருக்கும் கதவு. அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைப் பூட்ட மறந்துவிடுகிறோம்.

கதவு திறந்திருந்தால் மூன்று தீங்குகள் வரலாம்.

ஒன்று, இணைய வேகம் குறையும். இது சிறிய தீங்கு.

இரண்டு, அதே வைஃபையில் இருப்பவர் நம் கணினிக்குள் நுழைய முயலலாம். ரூட்டரின் அமைப்பை மாற்றி, நாம் வங்கியின் பெயரைத் தட்டும்போது போலிப் பக்கத்துக்கு அனுப்பவும் முயலலாம். ஊர்ப் பெயர்ப் பலகையைத் திருப்பி வைத்து வழிப்போக்கரை ஏமாற்றுவது போன்றது இது.

மூன்று, பிறர் செய்த குற்றத்துக்கு நம் வீட்டு வாசலில் போலீசார் வந்து நிற்கலாம்.

"இது என்ன அநியாயம்?" என்றாள் அம்மா.

2008இல் நடந்தது

மகள் கல்லூரியில் கேட்ட உண்மைச் செய்தி ஒன்றைச் சொன்னாள்.

2008ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அகமதாபாத் நகரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடினார்கள். நவி மும்பையில் ஒரு வீட்டின் இணைய இணைப்பு அகப்பட்டது.

அங்கே குடியிருந்தவர் ஒரு வெளிநாட்டவர். போலீசார் அவரை விசாரித்தார்கள். அவருடைய கணினியையும் சோதித்தார்கள். அந்த மின்னஞ்சலை அவர் அனுப்பவில்லை. சரியாகப் பூட்டாமல் இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

இதற்குப் பின், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்று 2009 பிப்ரவரியில் மத்திய தொலைத்தொடர்புத் துறை அறிவுறுத்தல்கள் வெளியிட்டது.

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இணைப்பு என் பெயரில்தானே இருக்கிறது?" என்று கேட்டாள்.

"ஆமாம், அம்மா."

"அப்படியானால் இன்றைக்கே பூட்டு."

முதல் பூட்டு: ரூட்டர்

ரூட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. வைஃபையில் சேர்வதற்கு ஒன்று. ரூட்டரின் அமைப்பை மாற்றுவதற்கு மற்றொன்று. பலர் முதலாவதை மட்டும் மாற்றுகிறார்கள். இரண்டாவது, 'அட்மின்' என்று கடையிலிருந்து வந்தபடியே கிடக்கிறது. இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றைப் போல மற்றொன்று இருக்கக் கூடாது.

அமைப்புப் பக்கத்தில் பூட்டின் வகையையும் கேட்கும். 'டபிள்யூ.இ.பி.' என்பது பழைய பூட்டு. அதை உடைக்கும் வழியை 2001லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அது வேண்டாம். 'டபிள்யூ.பி.ஏ.3' என்பது 2018இல் வந்தது. அது இருந்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் 'டபிள்யூ.பி.ஏ.2' போதும்.

செல்போன் எண், பிறந்த நாள், பிள்ளையின் பெயர் ஆகியவை கடவுச்சொல்லுக்கு ஏற்றவை அல்ல. தொடர்பு இல்லாத நான்கு சொற்களைச் சேர்த்து நீளமாக வைப்பது நல்லது. நீளமான சொல்லை ஊகிப்பது கடினம். நமக்கோ நினைவில் வைப்பது எளிது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கிறதே. அதற்கு என்ன செய்வது?" என்று அம்மா கேட்டாள்.

பல ரூட்டர்களில் 'விருந்தினர் வலை' என்று தனி வசதி உண்டு. அதற்குத் தனிக் கடவுச்சொல். அதில் சேர்பவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். நம் கணினி இருக்கும் வலைக்குள் வர முடியாது. ஆனாலும் இணைப்பு நம் பெயரில் இருப்பதால் நன்கு அறிந்தவருக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்.

"விருந்தாளிக்குத் திண்ணை. பெட்டி இருக்கும் அறைக்குப் பூட்டு. இது சரி" என்றாள் அம்மா.

இரண்டாம் பூட்டு: மடிக்கணினி

கணினியைத் திறக்கக் கடவுச்சொல் வைக்க வேண்டும். எழுந்து போகும்போது திரையைப் பூட்ட வேண்டும்.

'ஃபயர்வால்' என்னும் காவல் வசதியை அணைக்கக் கூடாது. அழைப்பில்லாமல் வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய வருவதை அது தடுக்கிறது.

கணினியை இயக்கும் மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் தெரிய வரும். அதைத் தயாரித்த நிறுவனம் அவற்றை அடைத்துத் திருத்தம் அனுப்பும். 'அப்டேட்' என்று வருவது அதுதான். அதைத் தள்ளிப் போடாமல் ஏற்க வேண்டும். பழைய கணினி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் விண்டோஸ் 11க்கு மாற வேண்டும்.

மூன்றாம் பூட்டு: வெளியிடத்தில் நம் பழக்கம்

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இலவச வைஃபை தொடங்கியது. இன்று நாடெங்கும் 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் வைஃபை இருக்கிறது. ஏழை மாணவருக்கு இது பெரிய உதவி. பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. கவனமாகப் பயன்படுத்தினால் போதும்.

நிலைய வைஃபையில் சேரும்போது செல்போன் எண் கேட்டு ஓ.டி.பி. அனுப்புவார்கள். அது வழக்கம்தான். ஆனால் இலவச வைஃபைக்கு வங்கிக் கடவுச்சொல்லோ ஏ.டி.எம். அட்டையின் ரகசிய எண்ணோ தேவையே இல்லை. அவற்றைக் கேட்டால் அது மோசடி. நிலையத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்து யாரும் போலி வைஃபை உண்டாக்க முடியும். பெயரை மட்டும் பார்த்து நம்பக் கூடாது.

'இது பொது இடமா, வீடா?' என்று கணினி கேட்டால், 'பொது' என்று சொல்ல வேண்டும். அப்போது கணினி தன்னைப் பிறர் கண்ணுக்கு மறைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட வேண்டும்.

வங்கியின் பக்கம் திறக்கும்போது 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். மேலே போகக் கூடாது. பணம் சம்பந்தமான வேலைக்கு வெளியிடத்தில் நம் செல்போனின் சொந்த இணைப்பைப் பயன்படுத்துவதே நல்லது.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வைக்க வேண்டும். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் இது. எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

அம்மா வைத்த பூட்டு

"புதிய கடவுச்சொல்லை நீயே சொல், அம்மா" என்றாள் மகள்.

அம்மா நான்கு சொற்கள் சொன்னாள். மகள் அவற்றை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதினாள். அம்மா அந்தத் தாளைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். நேரம் ஆயிற்று. மகள் அவசரப்படுத்தவில்லை.

ரூட்டர் அணைந்து மீண்டும் எரிந்தது. இணைந்திருந்த பதினொரு கருவிகளும் வலையை விட்டு விலகின. பிறகு மூன்று மட்டும் சேர்ந்தன.

அம்மா தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அந்த நான்கு சொற்களையும் தமிழில் எழுதினாள். நோட்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

பெட்டிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

சிந்தித்து விடை கூறுக

1. அம்மாவின் பழைய கடவுச்சொல் ஏன் பாதுகாப்பானது அல்ல?
2. நவி மும்பையில் 2008இல் நடந்ததிலிருந்து நாம் அறிவது என்ன?
3. விருந்தினர் வலையால் என்ன நன்மை?
4. ரயில் நிலைய வைஃபையில் எந்த விவரங்களைத் தரக் கூடாது?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் வைஃபை இருந்தால், எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று வீட்டில் தெரிந்தவரைக் கேட்டு எண்ணிப் பாருங்கள். உங்கள் கருவிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கான நான்கு சொற்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். அவற்றை வகுப்பில் சொல்ல வேண்டாம்!