வகையைக் கேட்பதா, வேலையைப் பார்ப்பதா? மடுவக் கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டங்களில் கொழுந்து நிறுப்பது மடுவத்தில். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அந்தக் கணக்கை எழுதும் நிரலில் பிழை இருந்தால் ஒருவருடைய சம்பளம் குறையும். ஆகவே பைத்தன் பழகுபவர் இதிலேயே தொடங்கலாம்.

முதலில் பிழையை வரவழையுங்கள்

இரண்டு எடைகளைக் கூட்டும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். பைத்தன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். 'காலை', 'மாலை' என்றே வையுங்கள். 8, 12 என்ற எண்களைக் கொடுத்தால் 20 வரும். விசைப்பலகையில் தட்டியதை அப்படியே கொடுத்தால் 812 வரும். இன்புட் தருவது எப்போதும் எழுத்துச் சரம். சரத்துக்கும் கூட்டல் குறி வேலை செய்யும், ஆனால் அது ஒட்டிவிடும். சரங்களாக ஒப்பிட்டால் 9 கூட 18ஐ விடப் பெரியது! பிழைச் செய்தி எதுவும் வராது. பொருளின் வகையைக் கேளாமல், கேட்ட வேலையைச் செய்கிறதா என்று மட்டும் பார்ப்பதே டக் டைப்பிங். அதன் பெரிய ஆபத்து, நிரல் நிற்காமல் தவறான விடையோடு ஓடுவதுதான்.

வாசலில் சோதியுங்கள்

இஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு 'முழு எண்ணா?' என்று கேட்டால் சரம் நின்றுவிடும். ஆனால் 8.5 கிலோவும் நின்றுவிடும். ட்ரூ மட்டும் முழு எண்ணாக உள்ளே வந்து 1 என்று கூட்டப்படும். டைப் ஹின்ட் எழுதினால் போதும் என்று நம்பாதீர்கள். ஓடும் நேரத்தில் பைத்தன் அதைச் சரிபார்ப்பதில்லை, மைபை போன்ற கருவி வேண்டும். தட்டிய எடையை உள்ளே வரும் இடத்திலேயே ஃப்ளோட்டாக மாற்றுங்கள். மாறாததைத் திருப்பி அனுப்புங்கள். எதிர்மறை எடையையும் மறுத்துவிடுங்கள்.

உள்ளே வேலையைப் பாருங்கள்

சுத்தமான எண்கள் வந்தபின் கெடுபிடி தேவையில்லை. மொத்தம் போடும் ஃபங்ஷன் 'லிஸ்ட்தான் வேண்டும்' என்று அடம்பிடித்தால் டியூப்பிளும் ஜெனரேட்டரும் வீணாக மறுக்கப்படும். ஒவ்வொன்றாக எண்களைத் தரும் எதையும் ஏற்கட்டும்.

இலங்கையில் பிறந்த மொழியையும் பாருங்கள்

டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கிய பாலரீனா மொழியின் 1.0 பதிப்பு 2019இல் வந்தது. அது வகையின் பெயரை விட்டு அமைப்பைப் பார்க்கிறது: பெயரும் எடையும் கேட்கும் இடத்தில், அந்த இரு புலங்களும் உரிய வகைகளில் உள்ள ரெக்கார்ட் பொருந்தும். பொருந்தாததை நிரல் ஓடுமுன்பே காட்டிவிடும். டக் டைப்பிங்கின் தாராளமும் சோதனையின் உறுதியும் இங்கே சேர்ந்து கிடைப்பதால், அடுத்துப் படிக்க இதையே சொல்வேன். பைத்தனிலேயே இருக்க விரும்பினால், அதே ஆண்டு வந்த 3.8 பதிப்பின் புரோட்டோகால் ஏறக்குறைய இதே வசதியைத் தருகிறது. மைபையோடு சேர்த்துப் பழகுங்கள்.